அடிக்கல்லுக்கு முன் ஒரு வாய்க்கால்

நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஆலயத்தை ஒட்டிய நிலத்தில் சமூகக்கூடம் கட்டுவதென்று முடிவாயிற்று. பங்குப் பேரவை கூடிற்று, வரைபடம் வந்தது, நன்கொடையாளர் ஒருவரும் கிடைத்தார். அக்டோபர் மாத நடுவில் பொக்லைன் இயந்திரம் மலையேறி வந்து இரண்டு நாள் உழைத்தது. தலைமுறைகளாகப் புல்லும் புதரும் சில சில்வர் ஓக் மரங்களும் பிடித்து வைத்திருந்த சரிவு, மூன்றாம் நாள் காலையில் மேசைபோல் மட்டமாய்க் கிடந்தது. வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று ஓட்டுநர் கேட்டார். கீழே தள்ளிவிடும்படி விடை கிடைத்தது. விடை சொன்னவர் வேறு எவருமல்லர்; நாமே.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் அடிக்கல்லை மந்திரித்து நாட்டினோம். இனிப்பு வழங்கினோம். நவம்பரில் மழை பிடித்தது. மூன்று இரவுகள் ஓயாமல் பெய்தபின், நான்காம் நாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. கீழேயிருந்த லைன் வீடுகளில் நான்கினுள் முழங்காலளவு செஞ்சேறு புகுந்திருந்தது. அவ்வீட்டார் தண்ணீர் எடுத்து வந்த சிற்றூற்று இருந்த இடமே தெரியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே எந்த நாளேட்டிலும் ஒரு வரிச் செய்தியும் வரவில்லை.

சேற்றைத் தகரத்தால் வாரிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நம்மைக் கண்டதும் நிமிர்ந்து கும்பிட்டார். "சாமி, கோவில் மண்ணு எங்க அடுப்புல வந்து குந்தியிருக்கு" என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. நடந்ததைப் பங்குச் சாமியாரிடம் தெரிவித்தார், அவ்வளவே. நாம் அரிசியும் கம்பளியும் கொடுத்தனுப்பினோம். நாம் செய்த தீங்குக்கு நாமே நிவாரணம் வழங்கி, அதனைப் பங்கு மடலில் அன்புப்பணி என்றும் எழுதிக்கொண்டோம். அன்று எழுதியதற்கு மறுப்பாகவே இன்று இதனை எழுதுகிறோம்.

மழையா குற்றவாளி?

மண் சரிந்தால் "இயற்கையின் சீற்றம்" என்கிறோம். பக்தியுள்ளவர் "இறைவனின் சித்தம்" என்கிறார். இரண்டுக்கும் உட்பொருள் ஒன்றே: எங்கள் கை இதில் இல்லை. ஆனால் ஐப்பசியில் அடைமழை வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மழை புதிதன்று, மழைக்கு முன் மலையைத் தோலுரித்து வைக்கும் வழக்கமே புதிது.

மழைத்துளி தரையை அடையும் விதத்தை வாசகர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. புல் மூடிய நிலத்தில் அந்த வேகத்தை இலையும் சருகும் வாங்கிக்கொள்கின்றன. நீர் மெல்ல இறங்கி மண்ணுக்குள் செல்கிறது. வெறும் மண்ணிலோ துளி சம்மட்டி அடிபோல் இறங்குகிறது. மண்கட்டிகள் உடைகின்றன, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன, உள்ளே இறங்க வழியற்ற நீர் மேற்பரப்பில் ஓடத் தொடங்குகிறது. முதலில் நூல்போல் ஓடுகிறது. பிறகு விரலளவு பள்ளம். பிறகு ஆள் இறங்கும் ஓடை. சரிவு செங்குத்தாகவும் நீளமாகவும் இருக்குமளவுக்கு நீரின் வேகமும் அதன் வாரும் திறனும் மிகுகின்றன.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டுள்ள மதிப்பீடு ஒன்று உண்டு. கட்டுமானத்துக்காகத் திறந்துவிடப்பட்ட நிலத்திலிருந்து அடித்துச் செல்லப்படும் மண், உழவு நிலத்திலிருந்து செல்வதைப்போல் 10 முதல் 20 மடங்கு. காட்டு நிலத்திலிருந்து செல்வதைப்போல் 1,000 முதல் 2,000 மடங்கு. மண்ணரிப்புக்கு உழவனையும் ஆடு மேய்ப்பவனையும் குறைகூறிப் பழகிய நாம், வீடும் கூடமும் கட்டுவோரை ஒருபோதும் அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை. சேர்த்தால் நம் பெயரும் வரும்.

மலையில் இன்னொரு தீங்கும் கூடுகிறது. சரிவின் அடிப்பகுதியே மேற்பகுதிக்குத் தாங்கல். பாதைக்கென்றும் வீட்டுமனைக்கென்றும் அடியை வெட்டியவுடன் மேலுள்ள மண் பற்றின்றி நிற்கிறது. வெட்டிய மண்ணை வெளிவிளிம்பில் கொட்டும்போது, வேரும் இறுக்கமும் அற்ற ஒரு புதுச்சுமை பழைய சரிவின் தோளில் ஏறுகிறது. மழைநீர் உட்புகுந்ததும் மண்ணின் எடை கூடுகிறது. துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடிப்புக் குறைகிறது. அதன்பின் கீழே இருப்பவர்களின் பாடு ஒரே இரவில் முடிந்துவிடுகிறது.

2009 நவம்பரில் நீலகிரி இதனைக் கண்டது. கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மாவட்டமெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மழை பெருமழை என்பதை மறுப்பாரில்லை. ஆனால் சோலையும் புல்வெளியும் நின்ற சரிவும், பாதைக்கும் மனைக்கும் அடி வெட்டப்பட்ட சரிவும் அம்மழையை ஒரேவிதமாய்த் தாங்கும் என்று மலையறிந்த எவரும் சொல்லார்.

மழையையே சாட்டும் பழக்கத்துக்கு 2024 பிப்ரவரி 7 விடை சொல்லிற்று. அது மழைக்காலமன்று. உதகையை அடுத்த லவ்டேல் பகுதியில் தனியார் வீட்டுப் பணி ஒன்றில் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே நின்ற பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. மண்ணுக்கும் இடிபாட்டுக்கும் அடியில் சிக்கி 6 பெண் தொழிலாளர்கள் இறந்தனர். கூலிக்கு மண் சுமக்க வந்த பெண்கள் அவர்கள். அன்று வானத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி லூக்கா நற்செய்தியில் வருகிறது. மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகளோ என்று ஆராய்ந்தவர்களை ஆண்டவர் கண்டித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனம் மாறும்படி சொன்னார். நாமோ மாண்டவர்களுக்கு இறுதிச் சடங்கு நடத்துகிறோம். இருப்பவர்கள் மனம் மாறவேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

நமக்குச் சொல்லப்படும் சமாதானங்கள்

இதனைப் பேசும்போதெல்லாம் நம்மை நோக்கி வரும் விடைகள் சில உண்டு. அவற்றை நேர்மையோடு எடுத்து நோக்குவோம்.

"அரசு அனுமதி பெற்றுத்தான் கட்டுகிறோம்" என்பது முதல் விடை. நீலகிரி போன்ற மலைகளுக்கு விதிகள் இல்லாமலில்லை. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டம் 1955-இல் வந்தது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு 1990-இல் அமைந்தது. ஆயினும் நாட்டளவிலான சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, 2006-இல் வெளிவந்த வடிவில், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களையே முன் அனுமதிக்கு உட்படுத்திற்று. அமெரிக்காவில் 2003 முதல் 1 ஏக்கர் நிலத்தைக் கிளறுபவரே மழைநீரோடு மண் வெளியேறாதிருக்க முன்கூட்டித் திட்டம் காட்டியாக வேண்டும். நமது பங்கின் கூடமும் பள்ளியின் புதுக் கட்டடமும் நம் அறிவிக்கையின் எல்லைக்கு வெகு கீழே நிற்பவை. பெரிய வலையின் கண்ணுக்குள் நுழைந்து தப்பும் சிறுமீன்கள் நாம். தப்பியது சட்டத்திடமிருந்து, கீழ்வீட்டுப் பாட்டியிடமிருந்து அல்ல.

"செலவு தாங்காது" என்பது இரண்டாம் விடை. நமது கூடத்தின் முகப்பு வளைவுக்குச் செலவானதில் ஒரு பங்கு இருந்திருந்தால், மேலே ஒரு திசைமாற்று வாய்க்காலும் கீழே ஒரு கல்வரிசையும் அமைத்திருக்கலாம். செலவு இல்லாமற் போகவில்லை. அது நம் கணக்கிலிருந்து அந்த நான்கு குடும்பங்களின் கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நற்செய்தி சொல்கிறதே, அந்தக் கணக்கில் அண்டை வீட்டானின் நட்டம் சேராதா?

"பொறியாளர் பார்த்துக்கொள்வார்" என்பது மூன்றாவது. கம்பியும் சிமென்டும் அவர் பொறுப்பு. எந்த மாதத்தில் வெட்டுவது, மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் பணம் கொடுப்பவரே. திருநாளுக்குமுன் கூடம் எழவேண்டும் என்று அவசரப்படுத்தியது பொறியாளர் அல்லர்.

"அப்படியானால் ஏழைகளுக்குப் பள்ளியும் வீடும் வேண்டாமா?" என்பது கடைசி விடை. எல்லாவற்றிலும் வலுவானதும் இதுவே. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு வகுப்பறை வேண்டும். கூரையற்றவனுக்குக் கூரை வேண்டும். கட்டாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலையில் மேலே குடியிருப்பவர் யார், கீழே குடியிருப்பவர் யார் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். காட்சி தெரியும் உச்சியைக் காசுள்ளவர் வாங்குகிறார். ஓடைக்கரையும் சரிவின் அடியும் தேர்ந்துகொள்ளும் உரிமையற்றவர்க்கு மிஞ்சுகின்றன. மேலே வெட்டிய மண் கீழேதான் இறங்கும். ஏழையின் பெயரால் கட்டிய கட்டடத்தின் சேறு ஏழையின் அடுப்பில் வந்து நிற்பதை எந்த இறையியலால் நியாயப்படுத்துவது?

சமவெளி வாசகர் இது மலைக்காரர் பாடு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நீலகிரியின் மண் பவானி ஆற்றுப் படுகையில் இறங்குகிறது. கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையின் கொள்ளளவு வண்டல் படிந்து குறைந்துவிட்டது என்பது அந்நகரத்தார் அறிந்ததே. நமது ஊர்த்தெருவில் வீடு கட்டுவோர் பாதையோரம் குவிக்கும் கிராவலும் மணலும் முதல் மழையிலேயே சாக்கடைக்குள் இறங்கி அதனை அடைக்கின்றன. அடுத்த மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது. அப்போதும் மழையையே ஏசுகிறோம்.

செய்யத்தக்கது என்ன?

இதற்கு அரிய வித்தை எதுவும் தேவையில்லை. உதகையில் 1954-இல் தொடங்கிய மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் மலைச்சரிவில் மண்ணைக் காக்கும் முறைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, கேட்பாருக்கே பஞ்சம்.

முதலாவது, காலம். கிழக்குச் சரிவுகளில் மண் வேலையைப் பொங்கலுக்குப்பின் தொடங்கிக் கோடை மழைக்குமுன் முடித்துவிட வேண்டும். மழைக்காலம் நெருங்கும்போது புதிதாக ஒரு சட்டி மண்ணைக்கூடத் திறக்கக் கூடாது. நமது கூடத்தின் பணி மூன்று மாதம் பொறுத்திருந்தால் அந்த ஊற்று பிழைத்திருக்கும்.

இரண்டாவது, அளவு. மலைக்கு ஏற்பக் கட்டடத்தை மாற்றவேண்டுமே அன்றி, கட்டடத்துக்காக மலையை மேசையாக்கக் கூடாது. படகர் ஹட்டிகளில் பழைய வீடுகள் சரிவின் குறுக்கே வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். ஒரே பெருந்தளத்துக்குப் பதில் இரண்டு சிறு தளங்களைப் படிபோல் அமைத்தால் வெட்டும் மண் பெரிதும் குறையும். உடனே கட்டப்போகும் பகுதியை மட்டும் திறந்து, எஞ்சியதைக் கயிறு கட்டித் தொடாமல் விடவேண்டும்.

மூன்றாவது, மேல்மண். கறுத்து மணக்கும் அந்த மேலடுக்கு ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்லும். அதனை முதலில் தனியே வழித்தெடுத்து, மூடிவைத்து, பணி முடிந்தபின் திரும்பப் பரப்ப வேண்டும். அதில் புல் தானே முளைக்கும். அடிமண்ணைக் கொட்டிவிட்டு அதன்மேல் பூந்தோட்டம் போட எண்ணுபவர் ஏமாறுவர்.

நான்காவது, நீர். இயந்திரம் வருமுன்பே, வெட்டப்போகும் இடத்துக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்து, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் இயற்கை ஓடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாய்க்கால் இறங்கும் இடத்தில் கல் பதிக்க வேண்டும். இல்லையேல் வாய்க்காலே புதிய பள்ளத்தைத் தோண்டும். கீழெல்லையில் கல்வரிசையோ, மண் மூட்டைகளோ, கழிகளில் கட்டிய தடுப்புத் துணியோ அமைத்து, அதற்குமுன் வண்டல் தங்கக் குழி எடுக்கவேண்டும். துணியின் அடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். அல்லாவிடில் நீர் அடியில் நுழைந்து போய்விடும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குழியைத் தூர்வாரவும் வேண்டும். கட்டிவிட்டு மறந்த தடுப்பு, தடுப்பில்லாததைவிடத் தீது. அது நம்மை உறங்க வைக்கிறது.

ஐந்தாவது, மூடுதல். வெட்டிய சரிவு ஒரு நாளும் வெறுமையாய்க் கிடக்கலாகாது. வைக்கோல், உலர்ந்த புல், தென்னைநார் வலை எதுவாயினும் உடனே பரப்ப வேண்டும். பிறகு சரிவின் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர் நடவேண்டும். நம் நாட்டுப் புல்லாகிய அதன் வேர் 3 மீட்டர் வரையும் நேர்கீழாக இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். உலக வங்கியின் வல்லுநர்கள் 1980-களில் இதனை நாடுதோறும் பரப்பினர். நாமோ அதனை விசிறிக்கும் தட்டிக்கும் மட்டும் உரியதென்று எண்ணியிருக்கிறோம்.

இறுதியாக, தடுப்புச் சுவர். சுவர் உயரமாய் இருந்தால் போதும் என்பது பெரும்பிழை. பின்னால் ஜல்லி நிரப்பி, இடையிடையே நீர் வடியும் துளைகள் விடாவிட்டால், சுவர் அணைக்கட்டாகிறது. அணையாகக் கட்டப்படாத அணை ஒருநாள் உடையும். வெட்டிய மண்ணோ, வண்டியேறி உரிய இடத்துக்குச் செல்லவேண்டும். கீழே தள்ளிவிடுவது என்ற சொல்லே நம் வாயில் வரக்கூடாது.

கைப்பிடிச் சுவரும் வண்டல் குழியும்

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுவோருக்கென ஒரு கட்டளை உண்டு. அந்நாட்டு வீடுகளுக்கு மட்டமான கூரை. மாலையில் மக்கள் அங்கே அமர்வர், உறங்குவர். ஆகவே புது வீடு கட்டுபவன் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் தவறி விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது சட்டம். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது பழங்காலத்து ஊராட்சி விதி என்று கடந்துசென்றோம். அந்தப் பாட்டியின் அடுப்புக்கு முன் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. விழுந்தவன் கவனமாய் இருந்தானா என்று சட்டம் கேட்கவில்லை. கட்டியவன் சுவர் வைத்தானா என்றே கேட்கிறது. வீடு கட்டும் உரிமையோடு, அவ்வீட்டால் பிறர்க்கு நேரக்கூடியதை முன்கூட்டியே தடுக்கும் கடமையும் பிறக்கிறது. மலைச்சரிவில் அந்தக் கைப்பிடிச் சுவர், மேலே எடுக்கும் வாய்க்காலும் கீழே தோண்டும் வண்டல் குழியுமே.

ஆகவே உடன் குருக்களிடமும், பள்ளிகளையும் தியான இல்லங்களையும் மருத்துவமனைகளையும் நடத்தும் துறவியரிடமும் ஒன்று கேட்கிறோம். அடிக்கல் மந்திரிக்க நம்மை அழைக்கிறார்கள். திருவுடை அணிந்து தீர்த்தம் தெளிக்குமுன் அந்த நிலத்தை ஒருமுறை சுற்றி நடப்போம். மேல் வாய்க்கால் எங்கே என்று கேட்போம். வெட்டிய மண் எங்கே போகிறது என்று கேட்போம். கீழ்வீட்டாரிடம் எவரேனும் பேசினார்களா என்று கேட்போம். விடை இல்லையெனில், விடை வரும்வரை மந்திரிக்க மறுப்போம். கட்டடக்குழு வருந்தும், நன்கொடையாளர் முகம் சுளிப்பார், திருநாளுக்குக் கூடம் முடியாமற் போகும். போகட்டும். மறைமாவட்டக் கட்டடக் குழுக்களும், வரைபடத்தோடு மண் காக்கும் திட்டமும் இணைக்கப்படாத எந்த விண்ணப்பத்துக்கும் பணம் ஒதுக்குவதில்லை என்று முடிவெடுக்கட்டும். நம்மிடமே இல்லாத ஒழுங்கை அரசிடமும் நிலவணிகரிடமும் எதிர்பார்த்து அறிக்கை விடுவது வீண்.

நமது கூடம் மறு ஆண்டு எழும்பிற்று. அதன் கல்வெட்டில் நம் பெயர் இருக்கிறது. இளைஞர்கள் சேற்றை அகற்றி ஊற்றைத் தேடினார்கள். கோடையில் இரண்டு வாரம் தோண்டினார்கள். அது திரும்பவில்லை. அவ்வீட்டார் இப்போது பாதையோரக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் குடத்தோடு வருவோரைக் காணும்போது, அடிக்கல்லுக்கு முன் ஒரு வாய்க்கால் எடுக்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி எழுகிறது. தெரியாது என்று இனி நாம் சொல்வதற்கில்லை. இதனைப் படித்த உங்களுக்கும் அந்தச் சாக்கு இல்லை.